அடிபட்ட ஆந்தை கையில் கிடைத்தால்: வீடா, மையமா, எப்போது, எப்படி விடுவது?

அட்டைப்பெட்டியின் மூடியை விரலளவு தூக்கிப் பார்த்தால், மூலையில் ஒடுங்கி நிற்கும் ஆந்தை உடம்பை இரண்டு மடங்காக உப்பிக்கொண்டு 'டக், டக்' என்று அலகைத் தட்டும். ஒரு இறக்கை சரியாக மடங்கியிருக்கும், இன்னொன்றின் நுனி தரையில் இழுபடும். பெட்டியைக் கொண்டுவந்தவர் ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார். "பாலில் ரொட்டி நனைத்து வைத்தேன், தொடவே இல்லை" என்பார், அவ்வளவு வருத்தமாக.

காட்டுப் பறவைகளைப் பராமரிக்கும் ஒரு மையத்தில் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். இப்படி எத்தனையோ பெட்டிகளை வாங்கியாயிற்று. ஒவ்வொரு முறையும் அதே முடிவுகள்தான் வரிசையாக வந்து நிற்கும். தொடுவதா விடுவதா, வீட்டில் வைப்பதா ஒப்படைப்பதா, அறுவை சிகிச்சையா வெறும் கட்டா, குணமாகாவிட்டால் என்ன செய்வது, குணமானால் எப்படி விடுவது. எல்லாவற்றுக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்த வழியில் போனால் இந்தப் பறவை மறுபடியும் இருட்டில், சத்தமில்லாமல், தன் இரையைத் தானே பிடிக்குமா? நம் பாசம், அதன் அழகு, நமக்கு வரும் மனநிறைவு எல்லாம் இந்தக் கேள்விக்கு அப்புறம்தான்.

முதலில் தொடுவதா வேண்டாமா என்பது. 'அடிபட்டது' என்று கொண்டுவரப்படும் குஞ்சுகளில் நிறைய அடிபடாதவை. பல ஆந்தை இனங்களில் குஞ்சுகள் பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டை விட்டு வெளியே வந்து கிளை கிளையாக நடக்கும், விழும், நகத்தாலும் அலகாலும் மரத்தைப் பற்றித் திரும்ப ஏறும். உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி இருந்து, கண் தெளிவாக இருந்து, இரண்டு இறக்கையும் ஒரே மாதிரி மடங்கியிருந்து, உங்களைப் பார்த்துச் சீறினால் அதை எடுத்துப் பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டு நூறடி தள்ளி நின்று இருட்டும்வரை பாருங்கள். பெரும்பாலும் தாய் தகப்பன் வந்துவிடும். மனிதக் கை பட்டால் சேர்க்காது என்று சொல்வது உண்மையில்லை. கூகைக் குஞ்சு (இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட ஆந்தையின் குஞ்சு) மட்டும் கொஞ்சம் வேறு. அது பொந்திலேயே வளர்கிற பறவை, தரையில் விழுந்த குஞ்சைப் பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காது, அதனால் அதைத் திரும்பப் பொந்திலேயே வைக்க வேண்டும். இறக்கை தொங்கினாலோ, ரத்தம் இருந்தாலோ, ஈ மொய்த்தாலோ, பூனை கவ்வியது என்று தெரிந்தாலோ யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். பூனை பல் பட்ட காயம் வெளியே தெரியாமல் இருந்தாலும் அதன் எச்சிலில் இருக்கும் கிருமி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். வளர்ந்த ஆந்தை ஒன்று பட்டப்பகலில் நீங்கள் கிட்டே போய்த் தூக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவே நோய்க்கு அடையாளம். நல்ல நிலையில் இருக்கும் ஆந்தை பெரும்பாலும் அப்படி இருக்காது.

எடுக்கும்போது தடிமனான துண்டைத் தலையோடு சேர்த்துப் போர்த்தி, இரண்டு கால்களையும் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் அலகைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், ஆயுதம் காலில்தான் இருக்கிறது.

இப்போது வீடா, மையமா என்பதற்கு வருவோம். இதில்தான் அதிகமான ஆந்தைகளை இழக்கிறோம், அதுவும் நல்ல மனசுக்காரர்கள் கையில். வீட்டின் பக்கம் இருக்கும் நியாயம் எனக்குப் புரிகிறது. மையம் தொலைவில் இருக்கும், ராத்திரியில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள், இடமில்லை என்று சொல்லவும்கூடும், கொடுத்தால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. ஒரு ராத்திரி வைத்திருப்பதில் தப்பே இல்லை. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் வழுக்காத துணி, இருட்டு, அமைதி, லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், போட்டோ எடுக்கத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். அந்த ஒரு ராத்திரி ஒரு வாரமாக நீளும்போதுதான் கெடுகிறது.

சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்தை எலியை முடி, எலும்பு, குடலோடு சேர்த்து விழுங்கும், செரிக்காத முடியையும் எலும்பையும் அப்புறம் உருண்டையாகக் கக்கிவிடும். அதற்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து அந்த எலும்பிலிருந்துதான் கிடைக்கிறது. நாம் நல்லது என்று நினைத்து எலும்பில்லாத இறைச்சித் துண்டுகளாகப் போட்டால், வளரும் குஞ்சுக்குச் சில வாரங்களிலேயே கால் வளைந்துவிடும். பட்டினி கிடந்து வந்த ஆந்தைக்கு வேறு பிரச்சினை. முதலில் உடம்பு சூடாக வேண்டும், பிறகு நீர்ச்சத்து ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் திட உணவு. இந்த வரிசையை மாற்றி வந்த உடனே வயிறு நிறையக் கொடுத்தால் சாப்பாடே அதைக் கொன்றுவிடும். அலகைப் பிளந்து தண்ணீர் சொட்டு விடுவது இன்னும் மோசம். மூச்சுக்குழாயின் வாய் நாக்கு தொடங்கும் இடத்துக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, சொட்டு நேராக நுரையீரலுக்குப் போகும்.

அடுத்தது இறகு. யாரும் கவனிக்காதது இதுதான், நான் அதிகம் பேச நினைப்பதும் இதைப் பற்றித்தான். ஆந்தையின் இறக்கையிலிருந்து உதிர்ந்த முன்வரிசை இறகு ஒன்று கிடைத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முன் விளிம்பில் சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாக நுண்ணிய முட்கள், மேலே விரலால் தடவினால் வெல்வெட் துணி மாதிரி மென்மை, பின் விளிம்பில் கிழிந்த குஞ்சம் மாதிரி ஓர் ஓரம். காற்று இந்த மூன்றையும் தாண்டிப் போகும்போது சத்தம் எழும்பாமல் அடங்கிவிடுகிறது. எலிக்குக் கேட்காமல் கிட்டே போவதும், எலியின் சரசரப்பைத் தன் இறக்கைச் சத்தம் மறைக்காமல் கேட்பதும் இதனால்தான். அந்த இறகை ஒரு கம்பிக் கூண்டில் நான்கு நாள் அடித்துப் பாருங்கள். முட்கள் தேயும், நுனி முறியும், வால் துடைப்பக்குச்சி ஆகிவிடும். கிளிக்கூண்டில் வைத்துக் கொண்டுவரப்பட்ட ஆந்தைகளில் எலும்புமுறிவு இல்லாமல் இறகு மட்டும் நாசமானவை உண்டு. எலும்பு மூன்று வாரத்தில் கூடும். முறிந்த இறகு அப்படியில்லை, அது உதிர்ந்து புதிது முளைக்கும்வரை காத்திருக்க வேண்டும், பெரிய ஆந்தைகளுக்குப் பறக்கும் இறகுகள் முழுக்க மாறி முடிய ஓராண்டுக்கு மேலேயே ஆகும்.

குஞ்சாக இருந்தால் மூன்றாவது ஆபத்தும் இருக்கிறது. கண் திறந்த காலத்தில் யார் ஊட்டுகிறார்களோ அவர்களையே தன் இனம் என்று அது பதித்துக்கொள்ளும். உங்கள் தோளில் வந்து உட்காரும்போது இனிமையாகத்தான் இருக்கும். வளர்ந்த பிறகு அது ஜோடி தேடி மனிதர்களிடம் வரும், தலைக்கு மேல் பாய்ந்து நகத்தால் கீறும், வேறு ஆந்தையைக் கண்டால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். அந்தப் பதிவை அழிக்க வழியில்லை. ஆகவே என் முடிவு தெளிவாகவே இருக்கிறது. ஒரு ராத்திரிக்கு மேல் வீடு வேண்டாம். பல நாடுகளில் அனுமதியில்லாமல் காட்டு ஆந்தையை வைத்திருப்பது குற்றமும்கூட. ஒப்படைக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள், அதை எடுத்த இடம் சரியாக எது என்று. எந்த மரம், எந்தச் சாலை வளைவு என்பதுவரை. கடைசியில் அதற்குத்தான் பெரிய வேலை இருக்கிறது.

சிகிச்சையை முடிவு செய்வது மருத்துவர் என்றாலும், என்ன கேட்பது என்று தெரிந்திருந்தால் நல்லது. பறவை எலும்பு வேகமாகக் கூடும் என்பது நல்ல செய்தி மாதிரி தெரியும், கோணலாக இருந்தாலும் அதே வேகத்தில் கோணலாகவே கூடிவிடும் என்பதை மறந்துவிடுகிறோம். அதனால்தான் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பது இங்கே செல்லாது. எலும்பின் நடுவில் முறிவு என்றால் நம்பிக்கை உண்டு, மூட்டுக்குப் பக்கத்தில் என்றால் குறைவு. இறக்கையின் முன்கைப் பகுதியில் இரண்டு எலும்புகளில் ஒன்று மட்டும் முறிந்திருந்தால் மற்றது பத்தை மாதிரி தாங்கிக்கொள்ளும், கட்டு போட்டாலே போதும். மேல்கை எலும்பு முறிந்தால் பெரும்பாலும் உள்ளே கம்பி வைத்துத்தான் ஆக வேண்டும். வாகனத்திலோ கண்ணாடியிலோ மோதித் தோள்பட்டை எலும்பு ஒடிந்த பறவைகளில் பல, கத்தி படாமல் சின்னக் கூண்டில் ஓய்வெடுத்தே தேறுகின்றன. கட்டு பாதுகாப்பு என்று நினைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுவதும் தப்பு, மூட்டு இறுகி, இறக்கையின் முன்பக்கச் சவ்வு சுருங்கி, எலும்பு நன்றாகக் கூடியும் இறக்கை முழுதாக விரியாமல் போய்விடும்.

கண்ணையும் காதையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ஆந்தையின் கண் உருண்டை இல்லை, குழாய் மாதிரி நீண்டு, எலும்பு வளையத்தில் பொருந்தியிருக்கும், அதனால்தான் கண்ணைத் திருப்பாமல் கழுத்தையே 270 டிகிரி வரை திருப்புகிறது. தலையில் பட்ட அடி அந்தக் கண்ணின் உள்ளே ரத்தக்கசிவாக இருக்கும், வெளியே எதுவும் தெரியாது. ஒற்றைக் கண் போன ஆந்தையை விடலாமா என்பதில் பராமரிப்பவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கூகை முழு இருட்டிலும் காதை மட்டுமே நம்பி எலியைப் பிடிக்கும், அதன் இரண்டு காதுத் துளையும் வேறு வேறு உயரத்தில் இருப்பதால் ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்பதுகூட அதற்குத் தெரியும். ஆகவே காது நன்றாக இருந்து, பல ராத்திரிகள் தொடர்ந்து உயிர் இரையைப் பிடித்துக் காட்டினால் ஒற்றைக்கண் கூகையை விடலாம் என்ற பக்கம்தான் நான். பார்வையை அதிகம் நம்பி வேட்டையாடும் இனங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

சரி, குணமாகவே போவதில்லை என்றால்? மூன்று வழி இருக்கிறது, மூன்றும் எளிதில்லை. சிறந்தது வளர்ப்புத்தாய் வேலை. பறக்க முடியாத ஆந்தையோடு அனாதைக் குஞ்சுகளை விட்டால் குஞ்சுகள் முதலில் பார்ப்பது ஆந்தை முகத்தை, மனித முகத்தை இல்லை. ஆனால் எல்லா ஆந்தையும் குஞ்சைச் சேர்ப்பதில்லை. இரண்டாவது, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டி விளக்கும் பறவையாக வைத்திருப்பது. இது அந்தப் பறவையின் சுபாவத்தைப் பொறுத்தது. ஆள் வரும்போதெல்லாம் கம்பியில் மோதிக்கொள்கிற ஆந்தைக்கு அந்தக் கூண்டு தண்டனைதான், பெரிய ஆந்தை என்றால் அந்தத் தண்டனை முப்பது ஆண்டுகூட நீளலாம், ஒரே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பாதத்தில் புண் வந்துகொண்டேயிருக்கும். மூன்றாவது வலியில்லாமல் முடித்துவிடுவது. இதை எழுத எனக்கு மனசு வரவில்லை, இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். இறக்கையை மூட்டோடு இழந்து, பயத்தில் சாப்பிடாமல், ஒவ்வொரு நாளும் வலுக்கட்டாயமாக ஊட்டப்படும் ஓர் ஆந்தையை 'உயிரோடு இருக்கிறதே' என்பதற்காக வைத்திருப்பது நம் ஆறுதலுக்காகத்தான். அப்படியான நேரத்தில் மருத்துவர் மூன்றாவது வழியைச் சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

குணமானவைக்கு எப்போது, எப்படி விடுவது என்ற கேள்வி மிச்சம். "பறக்குது, விட்டுடலாம்" என்பதுதான் நான் கேட்டதிலேயே ஆபத்தான வார்த்தை. நானே சொன்ன வார்த்தையும்கூட. என் முதல் ஆண்டில் ஒரு கூகை, கையெலும்பு முறிந்து வந்து, கூடி, நீளமான கூண்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அழகாகப் பறந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், விட்டுவிட்டோம். எட்டாம் நாள் அதே பகுதியில் ஒருவர் அதை மரத்தடியில் கண்டு எடுத்து வந்தார். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன், நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் சதையே இல்லை. எட்டு நாளாக எதையும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எங்களில் வயதான ஒரு பராமரிப்பாளர், அது கொஞ்சம் தேறியதும் என்னை ராத்திரியில் கூண்டுக்குள் அழைத்துப் போய் விளக்கை அணைத்துக் கண்ணை மூடச் சொன்னார். அது தலைக்கு மேல் போனபோது மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம். இடது இறக்கையில் இரண்டு இறகு முறிந்திருந்தது, அந்த இடைவெளியில் காற்று ஊதியது. எனக்கே கேட்டது என்றால் எலிக்குக் கேட்காமல் இருக்குமா?

அந்த நிலையில் இரண்டு வழி. அடுத்த இறகு முளைக்கும்வரை மாதக்கணக்கில் கூண்டிலேயே காத்திருப்பது ஒன்று. இறகு ஒட்டுவது இன்னொன்று. வல்லூறு பழக்குபவர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவரும் முறை அது. இறந்துபோன அதே இனப் பறவையின் அதே வரிசை இறகை எடுத்து, முறிந்த தண்டுக்குள் மெல்லிய மூங்கில் ஊசியை நுழைத்துப் பசையால் பொருத்துவார்கள். ஒரு மணி நேர வேலை, மாதங்கள் மிச்சம், இயற்கையாக உதிரும்போது ஒட்டு இறகும் சேர்ந்து உதிர்ந்துவிடும். ஆனால் அளவும் வரிசையும் கச்சிதமாகப் பொருந்தும் இறகு கையில் இருக்க வேண்டும், பொருத்துகிற கை பழகியிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் ஒட்டுவதே மேல், ஏனென்றால் கூண்டில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு மாதமும் மற்ற இறகுகளுக்கும் ஆபத்து. எங்களிடம் பொருத்தமான இறகு இல்லை, காத்திருந்தோம்.

இப்போதெல்லாம் விடுவதற்கு முன் நான் பார்ப்பது மூன்று: நீளமான கூண்டில் வாயைத் திறந்து இரைக்காமல் திரும்பத் திரும்பப் பறக்கிறதா, இருட்டில் உயிருள்ள எலியைத் தொடர்ந்து பல ராத்திரி பிடிக்கிறதா, கண்ணை மூடிக் கேட்டால் எதுவும் கேட்காமல் இருக்கிறதா.

இதெல்லாம் சரியென்றால் விடும் முறை இரண்டு. நேராகக் கொண்டுபோய்த் திறந்துவிடுவது, இல்லையென்றால் அந்த இடத்திலேயே ஒரு கூண்டில் ஒன்றிரண்டு வாரம் வைத்துப் பழக்கி, கதவைத் திறந்து வைத்து, அது திரும்பி வருவதை நிறுத்தும்வரை கூரையில் இரை வைத்துக்கொண்டேயிருப்பது. வளர்ந்த ஆந்தை, சில வாரம் மட்டுமே பராமரிப்பில் இருந்தது, எடுத்த இடம் தெரியும் என்றால் நேராக விடுவதே நல்லது. அந்த எல்லை, பதுங்கும் கிளை, எலி ஓடும் வழி எல்லாம் அதற்குத் தெரியும், ஜோடிகூட அங்கேயே காத்திருக்கலாம். தாமதித்தால் வேறு ஆந்தை அந்த இடத்தைப் பிடித்துவிடும். 2020 நவம்பரில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் சென்டருக்கு வெட்டிக் கொண்டுவந்த கிறிஸ்துமஸ் மரத்துக்குள் சின்ன இனத்தைச் சேர்ந்த வளர்ந்த ஆந்தை ஒன்று சிக்கியிருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். எலும்பு எதுவும் முறியவில்லை, பசியும் தாகமும்தான். எலி கொடுத்துத் தேற்றி, ஒரு வாரம் போல வைத்திருந்து, நவம்பர் 24 அன்று மாலையில் விட்டார்கள். அவ்வளவு குறுகிய காலம் என்றால் பழக்கும் கூண்டு எதற்கு?

குஞ்சிலிருந்து மையத்திலேயே வளர்ந்தது, இல்லை பல மாதம் கூண்டில் இருந்தது என்றால் கதை வேறு. எந்த மரத்தில் பதுங்குவது, எங்கே எலி இருக்கும் என்று தெரியாத பறவைக்கு முதல் வாரம் பசியோடு கழியக்கூடாது, அதற்குத்தான் அந்தக் கூரை இரை. இதில் உழைப்பு அதிகம், மழையோ பனியோ தினமும் ஒரு ஆள் போக வேண்டும். பிரிட்டனில் கூண்டில் பெருக்கிய கூகைகளை ஆர்வலர்கள் நிறைய வெளியே விட்டுக்கொண்டிருந்தார்கள், எண்ணிக்கையைப் பெருக்கும் ஆசையில். அவற்றில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை, இப்போது அங்கே உரிமம் இல்லாமல் அப்படி விட முடியாது. காயம்பட்ட காட்டுப் பறவையைத் திரும்ப விடுவது அதில் சேராது என்றாலும் பாடம் ஒன்றுதான்.

இடத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வளர்ந்த ஆந்தையை அதன் எல்லைக்குள்ளேயே, அடிபட்ட சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி விடுவேன். குஞ்சுக்கு எல்லை இல்லை, அதற்கு எலிவிஷம் வைக்காத இடமாகத் தேடலாம். ஃப்ளாக்கோ என்ற பெரிய கொம்பன் ஆந்தையை நினைத்துப் பாருங்கள். பிறந்ததிலிருந்து கூண்டில் இருந்தது, 2023 பிப்ரவரி 2 அன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சி சாலையில் யாரோ வலையை வெட்டிவிட வெளியே வந்தது, சில நாட்களிலேயே எலி பிடிக்கவும் கற்றுக்கொண்டது. ஓராண்டு தாண்டி, 2024 பிப்ரவரி 23 அன்று ஒரு கட்டடத்தின் கீழே விழுந்து கிடந்து இறந்தது. பரிசோதனையில் புறாக்களிடமிருந்து தொற்றும் வைரஸும் நான்கு வகை எலிவிஷமும் உடம்பில் இருந்தன. வேட்டை தெரிந்த பறவையையும் இடம் கொன்றுவிடுகிறது.

நேரம் என்று கேட்டால் அந்தி. பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்பது பழங்காலத்திலேயே கண்டு சொன்னது, வெளிச்சத்தில் விட்டால் இன்றும் பத்து நிமிடத்தில் காக்கைக் கூட்டம் சூழ்ந்துவிடும். மழையும் பலத்த காற்றும் இல்லாத நாள், முந்தின ராத்திரி வயிறு நிறைந்த பறவை, கூட வருகிறவர்கள் இரண்டு பேர், போதும்.

அந்தக் கூகையை ஏழு மாதம் கழித்து விட்டோம். கூடாரம் மாதிரி ஒரு பழக்கும் கூண்டில் பத்து நாள் வைத்திருந்து, பதினோராம் நாள் கதவைத் திறந்துவிட்டு, நானும் அந்தப் பராமரிப்பாளரும் புல்லில் உட்கார்ந்தோம். வாசல் கம்பில் வந்து நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது, இருபது நிமிடம் இருக்கும். இருட்டிக்கொண்டே வந்தது. அவர் என் கையைத் தொட்டுக் கூண்டைக் காட்டினார். கம்பு காலியாக இருந்தது. எனக்கு எதுவுமே கேட்கவில்லை.